தீவனத் தொட்டியில் தொடங்கும் கணக்கு: கால்நடை மீத்தேனைக் கணித்தலும் குறைத்தலும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு கறவைப் பசு நாளொன்றுக்கு எத்தனை கிராம் மீத்தேன் விடுகிறது? அதற்குப் போடும் தீவனத்தை மாற்றி அந்த அளவைக் குறைக்க முடியுமா? இந்த இரண்டு கேள்விகளே இன்றைய உரையின் பொருள். முதல் கேள்வி கணித வல்லுநர்களுக்கு, இரண்டாவது தீவன வல்லுநர்களுக்கு என்று பிரித்துவைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாடு என்ன தின்றது, எவ்வளவு தின்றது என்று தெரிந்தால் இரண்டு கேள்விகளுக்கும் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும். அது தெரியாவிட்டால் எந்தச் சமன்பாடும் உதவாது, எந்த மருந்தும் பயன் தராது. நம் நாட்டில் சமன்பாடுகளுக்குப் பஞ்சமில்லை. தொட்டியில் விழும் தீவனத்தின் எடையும் தரமும்தான் தெரியாமல் இருக்கின்றன. இதை நிறுவுவதே என் நோக்கம்.

1. முதல் இரைப்பைக்குள் நடப்பது

வைக்கோலின் நார்ச்சத்தை உடைக்கும் நொதி மாட்டின் உடலில் சுரப்பதில்லை. அந்த வேலையை ரூமென் எனும் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் செய்து கொடுக்கின்றன. வளர்ந்த பசுவுக்கு இந்த இரைப்பை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். உள்ளே வெப்பநிலை சுமார் 39 டிகிரி செல்சியஸ். ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை என்று பெருங்கூட்டம் அங்கே தீவனத்தை நொதிக்கவைக்கிறது. நொதித்தலில் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்ரிக் என்ற மூன்று அமிலங்கள் பெருமளவில் உண்டாகின்றன. மாட்டுக்கு உண்மையான சாப்பாடு இவைதாம். அசிட்டிக் அமிலத்திலிருந்து பாலின் கொழுப்பு உருவாகிறது. புரோப்பியானிக் அமிலம் கல்லீரலில் குளுக்கோஸாகி, பாலின் சர்க்கரைக்கு வழி செய்கிறது.

இந்த மூன்று அமிலங்களும் ஹைட்ரஜன் கணக்கில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அசிட்டிக் அமிலமும் பியூட்ரிக் அமிலமும் உருவாகும்போது ஹைட்ரஜன் மிஞ்சுகிறது. புரோப்பியானிக் அமிலம் உருவாகும்போது செலவாகிறது. வரவு மிகுந்து ஹைட்ரஜன் தேங்கினால் நொதித்தலே தடைப்படும். அதைத் தேங்கவிடாமல் எடுத்துக்கொள்பவை ஆர்க்கியா என்னும் தனி வகையைச் சேர்ந்த மீத்தேன் நுண்ணுயிர்கள். நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளை ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறோடு சேர்த்து, மீத்தேனும் நீருமாக அவை மாற்றிவிடுகின்றன. ஆகவே மீத்தேனை நோயின் அறிகுறியாகப் பார்க்கக் கூடாது. நார்ச்சத்தைத் தின்று வாழும் உயிருக்கு அது இயற்கை தந்த வடிகால்.

அந்த வாயு பின்வழியாகப் போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி ஏப்பமாக வாய் வழியே வருகிறது. பெருங்குடலில் உண்டாகும் சிறு பங்கிலும் பெரும்பாலானது ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியே மூச்சோடு வெளியேறுகிறது.

1960-இல் மேயர் வோலின் இந்த நொதித்தலுக்கு ஒரு சமநிலைக் கணக்கு எழுதினார். 57.5 மூலக்கூறு குளுக்கோஸ் நொதித்தால் 65 அசிட்டிக், 20 புரோப்பியானிக், 15 பியூட்ரிக் அமில மூலக்கூறுகளும், 60 கார்பன் டை ஆக்சைடும், 35 மீத்தேனும், 25 நீரும் வரும் என்பது அவர் கணக்கு. மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். அதே முறையில் அசிட்டிக் அமிலத்தை 55-ஆகக் குறைத்து, புரோப்பியானிக் அமிலத்தை 30-ஆக உயர்த்துங்கள். மீத்தேன் 35-இலிருந்து 27.5-ஆக இறங்கும், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. தீவனத்தை மாற்றி மீத்தேனைக் குறைக்கலாம் என்ற நம்பிக்கைக்கு வேதியியல் அடிப்படை இதுதான். ஹைட்ரஜன் வரவைக் குறைக்க வேண்டும். அல்லது அதற்கு வேறு செலவு காட்ட வேண்டும். அல்லது மீத்தேன் நுண்ணுயிரையே தடுக்க வேண்டும். நான்காவது வழி இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

2. கணிப்பின் வரலாறு

மீத்தேனை முதலில் அளந்தவர்களுக்குப் பருவநிலை பற்றிய கவலை கிடையாது. அவர்கள் தேடியது காணாமல்போன ஆற்றலை. தீவனத்தில் இருந்த ஆற்றலில் எவ்வளவு சாணத்தில் போனது, எவ்வளவு சிறுநீரில் போனது, எவ்வளவு வாயுவாகப் போனது என்று கண்டறிந்தால்தான் மீதி எவ்வளவு பாலாகவும் இறைச்சியாகவும் மாறும் என்று சொல்ல முடியும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹென்றி ஆர்ம்ஸ்பி மாட்டை உள்ளே நிறுத்தி அதன் மூச்சையும் வெப்பத்தையும் அளக்கும் அறையைக் கட்டியது அதற்காகத்தான். அதே மரபில் வந்த மாக்ஸ் கிரிஸ் 1930-இல் ஓர் உறவைக் காட்டினார். மாடு தின்னும் உலர்பொருள், அதாவது ஈரத்தைக் கழித்த தீவனத்தின் எடை, கூடக்கூட மீத்தேனும் கூடுகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த உறவு அசையவில்லை.

1965-இல் ஸ்காட்லாந்தின் ஹன்னா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கென்னத் பிளாக்ஸ்டரும் கிளாப்பர்டனும் வெளியிட்ட சமன்பாடு செரிமானத் திறனைக் கணக்கில் சேர்த்தது. அதில் இரண்டே விவரங்கள். ஒன்று, தீவனத்தில் எத்தனை விழுக்காடு செரிக்கிறது என்பது. மற்றொன்று, உடலைப் பராமரிக்கத் தேவையான அளவைப் போல் எத்தனை மடங்கு மாடு தின்கிறது என்பது. செரிமானம் 75 விழுக்காடாக உள்ள நல்ல தீவனத்தைப் பராமரிப்பு அளவுக்கு மட்டும் கொடுத்தால், மொத்த ஆற்றலில் 8.3 விழுக்காடு மீத்தேனாகப் போகும். அதையே மூன்று மடங்கு கொடுத்தால் 5.6 விழுக்காடுதான் போகும். தீவனம் இரைப்பையை வேகமாகக் கடந்துவிடுவது இதற்கு ஒரு காரணம். செரிமானம் 50 விழுக்காடாக உள்ள தீவனத்தில் இந்தச் சலுகை கிடையாது. எத்தனை மடங்கு தின்றாலும் விழுக்காடு ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். நம் வைக்கோல் கட்டுகள் பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை என்பதை நினைவில் வையுங்கள்.

1979-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் மோவும் டைரலும் இன்னொரு படி இறங்கினார்கள். தின்ற எடையை மொத்தமாக எடுக்காமல் மாவுப்பொருள், அரைச்செல்லுலோஸ், செல்லுலோஸ் என்று பிரித்தார்கள். ஒரு கிலோ செல்லுலோஸுக்கு 2.65 மெகாஜூல் மீத்தேன், அரைச்செல்லுலோஸுக்கு 1.74, எளிதில் கரையும் மாவுப்பொருளுக்கு 0.51. செல்லுலோஸ் மாவுப்பொருளைப் போல் ஐந்து மடங்கு மீத்தேன் தருகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. வோலினின் தாளில் கண்ட கணக்கு இங்கே மாட்டின் மூச்சில் எழுதப்பட்டிருக்கிறது.

இவையெல்லாம் புள்ளிவிவரச் சமன்பாடுகள். எந்த மாடுகளிலிருந்து பிறந்தனவோ, அவற்றைப் போன்ற மாடுகளுக்கு நன்றாகப் பொருந்தும். வேறு தீவனம் தின்னும் மாட்டுக்குப் போட்டால் தடுமாறும். ஆகவே வேறொரு கூட்டம் இரைப்பையையே கணினிக்குள் கட்டத் தொடங்கியது. கலிபோர்னியாவில் பால்ட்வினும் நெதர்லாந்தில் டைக்ஸ்ட்ராவும் உருவாக்கிய இயக்கமுறை மாதிரிகள் இந்த வகை. எந்தப் பொருள் எந்த வேகத்தில் உடைகிறது, எவ்வளவு அடுத்த வயிற்றுக்குக் கடந்து போகிறது, எந்த அமிலம் எந்த விகிதத்தில் வருகிறது என்று படிப்படியாகக் கணக்கிட்டு, இறுதியில் மிஞ்சும் ஹைட்ரஜனிலிருந்து மீத்தேனை இவை பெறுகின்றன. 1998-இல் கனடாவில் பென்ஷாரும் அவர் குழுவினரும் இரு வகைகளையும் ஒப்பிட்டபோது, பலதரப்பட்ட தீவனங்களுக்கு இயக்கமுறை மாதிரிகளே நன்றாகக் கணித்தன.

அதே குழு 2001-இல் அத்தகைய மாதிரி ஒன்றை வைத்துத் தீவன உத்திகளைச் சோதித்தது. மீத்தேனை மொத்த ஆற்றலின் விழுக்காடாக எடுத்துக்கொண்டால், அடர்தீவனப் பங்கை உயர்த்துவது 40 விழுக்காடு வரை குறைத்தது. நார் மிகுந்த அடர்தீவனத்துக்குப் பதிலாக மாவு மிகுந்ததைக் கொடுப்பது 22 விழுக்காடும், முற்றுமுன் அறுத்த இளம் புல்லைக் கொடுப்பது 15 விழுக்காடும், புல்லுக்குப் பதில் குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனத்தைக் கொடுப்பது 28 விழுக்காடும் குறைத்தன. ஒரு முடிவு மட்டும் எதிர்த்திசையில் போனது. தரம் குறைந்த வைக்கோலை அம்மோனியாவால் பதப்படுத்தியபோதும் அதற்குப் புரதம் சேர்த்துக் கொடுத்தபோதும் மீத்தேன் கூடியது. இது நமக்கு மிக முக்கியமான முடிவு. பிறகு வருகிறேன்.

2018-இல் பல கண்டங்களின் ஆய்வாளர்கள் 154 ஆய்வுகளிலிருந்து 5,233 கறவைப் பசுக்களின் அளவீடுகளைத் திரட்டினார்கள். அத்தனையையும் சலித்துப் பார்த்தபோதும் முதலிடம் பிடித்தது மாடு தின்ற உலர்பொருளின் எடையே. தீவனத்தின் நார்ச்சத்து, கொழுப்புச்சத்து, பாலின் கொழுப்பு, உடல் எடை ஆகியவை கணிப்பைச் சற்றே கூர்மையாக்கின. கிரிஸ் 1930-இல் சொன்னதையே வேறு அளவில் திரும்பச் சொன்னது போலாயிற்று.

கணிப்பு இருக்கட்டும், அளப்பது எப்படி என்று கேட்கலாம். மாட்டை உள்ளே நிறுத்தும் மூடிய அறை மிகத் துல்லியமானது. ஆனால் மேயும் மாட்டை அதில் அளக்க முடியாது. 1990-களில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான முறையில், சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு சிறிது சிறிதாகக் கசியும் சிறு குழாயை இரைப்பைக்குள் இறக்கி, மூக்கருகே மூச்சைச் சேகரித்து, இரு வாயுக்களின் விகிதத்திலிருந்து மீத்தேனைப் பெறுகிறார்கள். மாடு கட்டுத்தறியில் இருந்தாலும் மேய்ச்சலில் இருந்தாலும் இது உதவும். இந்திய ஆய்வகங்களும் இதைப் பயன்படுத்துகின்றன.

3. எந்தக் கணக்கைச் சொல்கிறோம்?

மீத்தேன் குறைந்தது என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்கில் என்று முதலில் கேட்க வேண்டும். நாளொன்றுக்கு மாடு விடும் மொத்த கிராம் ஒரு கணக்கு. தின்ற ஒரு கிலோ உலர்பொருளுக்கு எவ்வளவு என்பது இரண்டாவது. ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே திசையில் நகர்வதில்லை.

பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2006-இல் தந்த வழிகாட்டியில், பயிர்க்கழிவு போன்ற எளிய தீவனம் தின்னும் மாடு, எருமைகள் தின்ற ஆற்றலில் 6.5 விழுக்காட்டை மீத்தேனாக இழக்கின்றன என்று கொள்ளப்படுகிறது. பிழை வரம்பு ஒரு விழுக்காடு கூடவோ குறையவோ. ஒரு கிலோ உலர்பொருளில் 18.45 மெகாஜூல் ஆற்றல் உண்டு. ஒரு கிலோ மீத்தேனில் 55.65 மெகாஜூல். வகுத்துப் பார்த்தால் தின்ற ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 21.5 கிராம் மீத்தேன்.

எடுத்துக்காட்டாக, 8 கிலோ உலர்பொருள் தின்று 4 லிட்டர் கறக்கும் ஒரு பசுவை நினைத்துக்கொள்வோம். அது நாளுக்கு 172 கிராம் விடும். லிட்டருக்கு 43 கிராம். பிழை வரம்பின் இரு முனைகளையும் எடுத்தால், மொத்தம் 146-ஆகவும் இருக்கலாம், 199-ஆகவும் இருக்கலாம். இனி இன்னொரு பசு 12 கிலோ தின்று 12 லிட்டர் கறக்கிறது என்று கொள்வோம். அது 259 கிராம் விடும், லிட்டருக்கு 21.5 கிராம்தான். நாளின் கணக்கில் இரண்டாவது பசு ஒன்றரை மடங்கு மீத்தேன் விடுகிறது. பாலின் கணக்கில் பாதிதான் விடுகிறது. எந்தப் பசு மேல் என்பதற்கு, நமக்கு வேண்டிய பால் எவ்வளவு, அதற்கு எத்தனை மாடுகளை வைத்திருக்கப்போகிறோம் என்பதைச் சொல்லாமல் விடை இல்லை. லிட்டர் கணக்கு இறங்கியும் மாடுகளின் எண்ணிக்கை குறையாவிட்டால் வானத்துக்குப் போகும் மீத்தேன் ஏறத்தான் செய்யும். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

முதல் பசுவின் 172 கிராம் மீத்தேனில் 9.6 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அது ஏறத்தாழ மூன்று லிட்டர் பசும்பாலில் உள்ள ஆற்றல். மீத்தேனை நிறுத்திவிட்டால் அத்தனையும் பாலாகிவிடும் என்று விளம்பரம் செய்வோரை நம்பாதீர்கள். மீத்தேனை மூன்றில் ஒரு பங்கு தடுத்த சோதனைகளிலும் பால் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. சேமித்த ஹைட்ரஜனில் ஒரு பகுதி வாயுவாகவே ஏப்பத்தில் போய்விடுகிறது.

4. தீவனத்தால் குறைக்கும் வழிகள்

முதல் வழி மாவுப்பொருள். மேலை நாட்டு இறைச்சிக் கொட்டில்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தானியம் தின்னும் மாடு, ஆற்றலில் 3 விழுக்காடு மட்டுமே மீத்தேனாக இழக்கிறது. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். விருந்து வீட்டில் மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் வயிறு முட்டத் தின்ற மாட்டுக்கு என்ன ஆகும் என்று இங்குள்ள மருத்துவர்களைக் கேளுங்கள். இரைப்பை புளித்து, மாடு படுத்துவிடும். மனிதர் உண்ண முடியாத வைக்கோலைப் பாலாக்குவதே மாட்டின் பெருமை. அந்த மாட்டுக்கு மனிதர் உண்ணும் தானியத்தைக் கொட்டி மீத்தேனைக் குறைப்பது, ஒரு சிக்கலைத் தீர்க்க இன்னொன்றை வாங்குவதாகும்.

இரண்டாவது வழி எண்ணெய்ச் சத்து. தீவனத்தில் கொழுப்பு ஒரு விழுக்காடு கூடினால் மீத்தேன் ஏறத்தாழ 4 விழுக்காடு இறங்குகிறது என்று பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. எண்ணெய் இரைப்பையில் நொதிப்பதில்லை, புரோட்டோசோவாக்களை ஒடுக்குகிறது. தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் இதில் தனி வல்லமை உடையது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் செம்மறிகளில் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். நம் ஊர்ச் செக்கில் ஆட்டிய புண்ணாக்கில் எண்ணெய் ஓரளவு தங்குகிறது. கரைப்பான் கொண்டு பிரித்தெடுத்த ஆலைப் புண்ணாக்கில் பெரும்பாலும் தங்குவதில்லை. கடலை, எள், தேங்காய்ப் புண்ணாக்குகளும் பருத்திக்கொட்டையும் நெடுங்காலமாக நம் தொட்டிகளில் இருக்கின்றன. இதற்கு வரம்பும் உண்டு. உலர்பொருளில் மொத்தக் கொழுப்பு 6 அல்லது 7 விழுக்காட்டைத் தாண்டினால் நார்ச்சத்தின் செரிமானம் கெடும்; மாடு தீவனத்தை ஒதுக்கும்; பாலின் கொழுப்பும் இறங்கலாம்.

மூன்றாவது வழி துவர்ப்பு. டானின் எனும் துவர்ப்புப் பொருள்கள் மீத்தேன் நுண்ணுயிர்களையும் நார் உடைக்கும் நுண்ணுயிர்களில் சிலவற்றையும் அடக்குகின்றன. புளியங்கொட்டைத் தோல், கருவேலங்காய், பல மரத்தழைகள் ஆகியவற்றில் இவை நிறைய. பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் இத்துறையில் நீண்ட காலம் உழைத்திருக்கிறது. டானின் மிகுந்த தாவரங்களைக் கொண்டு அது உருவாக்கிய ‘ஹரித் தாரா’ எனும் தீவனச் சேர்ப்புப் பொருள் 2021-இல் அறிமுகமானது. மீத்தேனை 17 முதல் 20 விழுக்காடு வரை குறைக்கும் என்பது அந்நிறுவனத்தின் கணிப்பு. காங்கேயம் பகுதியின் கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து, இடையிடையே வெள்வேலங்காயும் தின்னும் மாடு, அளவான துவர்ப்போடு உண்ணும் மாடுதான். துவர்ப்பு மிஞ்சினால் புரதம் செரிக்காமல் சாணத்தில் போய்விடும் என்பதை மறக்கக் கூடாது.

நான்காவது வழி நேரடித் தடுப்பு. 3-நைட்ராக்சி புரோப்பனால் என்ற பொருள், மீத்தேன் உருவாகும் கடைசிப் படியில் இயங்கும் நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மிக அதிகம் கறக்கும் பசுக்களில் மீத்தேன் 30 விழுக்காடு குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-லும், அமெரிக்கா 2024-லும் இதற்கு வழி விட்டன. அஸ்பராகாப்சிஸ் என்னும் சிவப்புக் கடற்பாசி இதைவிடக் கடுமையானது. கலிபோர்னியாவில் இறைச்சி மாடுகளில் 80 விழுக்காடு வரை குறைவு பதிவானது. அதன் வலிமை புரோமோஃபார்ம் என்ற பொருளில் இருக்கிறது. அந்தப் பொருள் பாலில் வருமா, இரைப்பைச் சுவரைப் பாதிக்குமா என்ற ஐயங்கள் இன்னும் தீரவில்லை.

இந்தத் தடுப்பு மருந்துகளைப் பற்றி நம் உழவர்கள் கேட்டால் இரண்டைச் சொல்லுங்கள். நார்ச்சத்து கூடிய தீவனத்தில் 3-நைட்ராக்சி புரோப்பனாலின் வீரியம் குறைகிறது. நம் மாட்டின் தீவனமோ பெரும்பாலும் நார். அடுத்து, இந்தப் பொருள்கள் ஒவ்வொரு வேளையும் தீவனத்தோடு சீராகக் கலந்து போக வேண்டும். முழுக் கலப்புத் தீவனம் போடும் பெரும் பண்ணையில் அது எளிது. காலையில் தண்ணீர் காட்டும்போது கொஞ்சம் தவிடும் புண்ணாக்கும், பகல் முழுக்க வரப்பு மேய்ச்சல், இரவில் வைக்கோல் என்று இரண்டு மாடு வளர்ப்பவர் எந்த வேளையில் எதில் கலப்பார்? பாலும் கூடாத நிலையில் அந்தச் செலவை அவர் ஏன் ஏற்க வேண்டும்?

5. வைக்கோல் தின்னும் நாட்டின் கேள்வி

இப்போது, பிறகு வருகிறேன் என்று சொன்ன முடிவுக்கு வருகிறேன். வைக்கோலைத் திருத்தினால் மீத்தேன் ஏன் கூடுகிறது?

நெல் வைக்கோலில் புரதம் 3 அல்லது 4 விழுக்காடுதான். நைட்ரஜன் பற்றாமல் இரைப்பை நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கின்றன. நொதித்தல் மந்தம், மாடு குறைவாகத்தான் தின்ன முடியும், ஆகவே மீத்தேனும் குறைவு, பாலும் குறைவு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் மூடிவைத்துக் கொடுத்தால் நிலைமை மாறுகிறது. நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, நார் உடைகிறது, மாடு கூடுதலாகத் தின்கிறது. மாட்டுக்கு மாடு பார்த்தால் மீத்தேனும் ஏறுகிறது. ஆனால் கூடுதலாகத் தின்றதில் பராமரிப்புக்குப் போக மிஞ்சுவதெல்லாம் பாலுக்கும் வளர்ச்சிக்கும் போவதால், லிட்டருக்கான மீத்தேன் இறங்குகிறது. கிடேரி முன்னதாகப் பருவத்துக்கு வருகிறது. கன்று ஈனும் இடைவெளி குறைகிறது. பாலே தராமல் தின்று மீத்தேன் விடும் மாதங்கள் மாட்டின் வாழ்நாளில் குறைகின்றன. ஆஸ்திரேலியாவின் ரொனால்ட் லெங் வைக்கோல் நாடுகளுக்காக வாதாடிய வழி இதுதான்.

தேசியப் பால்வள வாரியம் தேசியப் பால்பண்ணைத் திட்டத்தின் முதல் கட்டத்தில் நடத்திய சமச்சீர் தீவனத் திட்டம் இதைக் கள அளவில் செய்து காட்டியது. கிராமத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் வீடு வீடாகச் சென்று, மாட்டின் மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து எடையை மதிப்பிடுவார். வீட்டில் உள்ள தீவனங்களை எடைபோடுவார். கணினி மென்பொருள் கொண்டு எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று சொல்வார். பல வீடுகளில் புண்ணாக்கு தேவைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. தாது உப்பு அறவே இல்லாதிருந்தது. சரிசெய்தபோது தீவனச் செலவு குறைந்து பால் கூடியது. லிட்டருக்கான மீத்தேனும் குறைந்தது. உழவருக்குப் பணம் மிச்சமாகும் ஒரே மீத்தேன் திட்டம் எனக்குத் தெரிந்தவரை இதுதான். ஆகவே அவர் அதை அரசின் கட்டாயம் இல்லாமலே தொடர்வார்.

நீதியின் பக்கமும் இருக்கிறது. 1991-இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் பணக்கார நாட்டுக் கார்களின் புகையையும் ஏழை உழவரின் மாட்டு ஏப்பத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதைக் கண்டித்து எழுதினார்கள். 2021-இல் கிளாஸ்கோவில் உருவான உலக மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா கையெழுத்திடவில்லை. கோடிக்கணக்கான சிறு உழவர்களின் பிழைப்பு அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த நிலைப்பாடு எனக்கு உடன்பாடே. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 19 கோடிக்கு மேற்பட்ட மாடுகளும், சுமார் 11 கோடி எருமைகளும் உள்ளன. மீத்தேன் காற்றில் நிலைப்பது பன்னிரண்டு ஆண்டு அளவுதான். ஆனால் அதற்குள், நூறாண்டுக் கணக்கில் பார்த்தாலும், எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல் 27 மடங்கு வெப்பத்தைச் சேர்க்கிறது. வெயிலில் முதலில் மூச்சு வாங்குபவை நம் கலப்பினப் பசுக்கள்தாம். பிறர் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதால் நாமும் சும்மா இருக்கலாம் என்றாகாது.

பிறர் கணக்கை மறுக்க வேண்டுமானாலும் நம்மிடம் கணக்கு இருக்க வேண்டும். 2006 வழிகாட்டி இந்தியத் துணைக்கண்டத்துப் பசுவுக்கு ஆண்டுக்கு 58 கிலோ, எருமைக்கு 55 கிலோ மீத்தேன் என்று தலா ஓர் எண்ணைக் குறிக்கிறது. டெல்டாவில் தாளடி வைக்கோல் தின்னும் பசுவும், கொங்கு நாட்டில் சோளத்தட்டையும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் தின்னும் பசுவும், மானாவாரி நிலத்தில் கடலைக்கொடி தின்னும் பசுவும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த எண் கூடுதல் என்றோ குறைவு என்றோ வாதிட, இந்த மூன்று பசுக்களும் என்ன தின்றன என்பதற்குப் பதிவு வேண்டும்.

6. செய்ய வேண்டியவை

முடிவாக மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று பல்கலைக்கழகங்களுக்கு. மாவட்டந்தோறும் பருவந்தோறும் வைக்கோல், தட்டை, பசும்புல், மரத்தழை ஆகியவற்றின் நார்ச்சத்தையும் செரிமானத் திறனையும் அளந்து, பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். மீத்தேன் அறை கட்டப் பெரும் பணம் வேண்டும். தீவன ஆய்வுக்கு இருக்கும் ஆய்வகங்களே போதும். மோவும் டைரலும் தந்த சமன்பாட்டைப் போன்ற ஒன்றை நம் மாடுகளுக்கு எழுத, முதலில் நம் தீவனத்தின் செல்லுலோஸ் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும்.

இரண்டு கூட்டுறவுச் சங்கங்களுக்கு. பாலை நாள்தோறும் இருவேளை அளந்து, கொழுப்பும் பார்த்து ஏட்டில் எழுதுகிறீர்கள். அதே ஏட்டில் மாதம் ஒரு நாள் அந்த மாட்டுக்குப் போட்ட தீவனத்தின் எடையையும் சேருங்கள். ஒரு கொக்கித் தராசும் ஒரு பக்கமும் போதும். பாலின் கொழுப்பும் கணிப்புக்கு உதவும் விவரம் என்பதால், பாதிக் கணக்கு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

மூன்று மாணவர்களுக்கு. எந்தச் சேர்ப்புப் பொருளின் விளம்பரத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நாளின் கணக்கில் குறைந்ததா, கிலோவின் கணக்கில் குறைந்ததா, லிட்டரின் கணக்கில் குறைந்ததா? சோதித்த மாடு என்ன தின்றது? செலவை யார் ஏற்பது? இம்மூன்றுக்கும் விடை சொல்லாத பொருளை உழவரிடம் கொண்டுபோகாதீர்கள். விடை சொல்லும் பொருளை வெளிநாட்டுச் சரக்கு என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம்.

இளம் புல்லை உரிய பருவத்தில் அறுப்பது, வேலிமசாலும் அகத்தியும் வரப்பில் வைப்பது, வைக்கோலைப் பதப்படுத்துவது, தாது உப்பு தருவது, புண்ணாக்கை அளந்து போடுவது ஆகிய ஐந்தும் மீத்தேன் என்ற சொல்லே தெரியாமல் செய்யத்தக்கவை. இன்றே பால் வருமானத்தைக் கூட்டுபவை. மருந்துகளும் கடற்பாசியும் இந்த அடித்தளத்தின் மீது வரட்டும். அடித்தளம் இல்லாமல் அவை வந்தால், பட்டினி மாட்டின் ஏப்பத்தைக் குறைத்ததாக நாம் பெருமை பேசிக்கொண்டிருப்போம்.